தலை எண் 217

உறைபெட்டியைத் திறந்தால் தலைகள் மட்டும்.
உடம்பை ஆறு வைத்துக்கொண்டது.
ஃபெதர் ஆற்றங்கரையில் நவம்பர் முழுக்க
முட்டையிட்டுச் செத்த சால்மன்களைப் புரட்டிப் புரட்டி
டூ கெர் வாங் அறுத்து அனுப்பியவை.
செவுளில் கம்பி, கம்பியில் அட்டை,
அட்டையில் அவனுடைய கோணல் எழுத்து:
217. பெண். முதுகின் சின்னத் துடுப்பு வெட்டப்படவில்லை.
ஆற்றில் பிறந்தது.

கண்ணைத் தோண்டினால் பட்டாணி அளவு வில்லை.
வெங்காயம் போலத் தோல் தோலாக உரியும்.
அழுகை வராது, கழுத்துதான் வலிக்கும்.

தசை எல்லாவற்றையும் மறந்துவிடும்.
புதுத் தீனி வந்து பழைய தீனியைத் துடைத்துக்கொண்டே இருக்கும்.
ஈரலுக்கு அந்த ஞாபகம்கூட இல்லை.
வில்லை மட்டும்
ஒருமுறை படிந்த ஏட்டைத் திருத்துவதில்லை.
ஆனால் இந்தக் கண் பார்த்தது எதுவும் இதில் கிடையாது.
கடல்சிங்கத்தின் பல், பாலத்தின் நிழல், தூண்டில் முள்,
ஒன்றுமில்லை.
கண்டது போய்விட்டது.
உண்டதுதான் கண்ணாக இருக்கிறது.

ஒவ்வொரு தோலையும் தகரக் குப்பியில் மடித்து
அடுப்புக்கு அனுப்புகிறேன்.
எரிந்து வாயுவாகி காந்தத்தின் வளைவில் திரும்பும்போது
லேசானது ஒரு பக்கம், கனமானது ஒரு பக்கம்.
லேசான நைட்ரஜனைச் செவுள் வழியே கழித்துவிட்டு
கனத்ததைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உடம்பு, கஞ்சனைப் போல.
பாசியை நீர்ப்பூச்சி, பூச்சியை நெத்திலி, நெத்திலியை இது:
வாய்க்கு வாய் கணக்கு மூன்று ஏறும்.

(ஒருநாள் என் நகத்தையே எரித்துப் பார்த்தேன்.
சோளம் என்றது.
அம்மா மிச்சோவாகானிலிருந்து கொண்டுவந்த சோளம் இல்லை,
மூலைக்கடைப் பொரித்த கோழி தின்ற சோளம்.)

216 நேற்றே பேசிவிட்டது.
வெளித்தோல்களில் கடல், கந்தகம் பதினெட்டு.
உள்ளே போகப் போகச் சரிந்து இரண்டு.
அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் நின்று,
தாள் அழுகி, பூச்சி பெருகிய சேற்றின் எண் அது.
குர்னெக் தியாராவுக்குப் போன் செய்தேன்.
"என் வயலா?"
யார் வயல் என்று கந்தகம் சொல்லாது, ஐயா.
"ஜனவரியில் தண்ணீர் கட்டியது நான்தானே" என்றார்.
நான் மறுக்கவில்லை.

217 அப்படி இல்லை.
வெளியே பதினெட்டு.
அடுத்தது பதினேழு.
அதற்கும் உள்ளே பதினாறு, பதினேழு, பதினாறு.
கருவி கெட்டுவிட்டதோ என்று
இன்னொரு கண்ணையும் உரித்தேன்.
ஆற்றைக் காணோம்.

நடுமணியில் கடல் இருப்பது சரிதான்,
அது தாய் தின்ற கடல்.
மஞ்சள்கருவில் கட்டிக்கொடுத்த சோறு.
அதற்கு அடுத்து வந்திருக்க வேண்டிய ஆறு எங்கே?
சிமெண்ட் தொட்டியில், மணிக்கு ஒருமுறை,
மேலேயிருந்து விழுந்திருக்கிறது குருணை:
எங்கோ தெற்கில் பிடித்து அரைத்த மீன்மாவு.
கடலைப் பார்க்குமுன்பே கடலைத் தின்று வளர்ந்தது.
பொரிப்பகத்தில் எல்லாத் துடுப்பையும் வெட்டுவதில்லை.

தசையிலும் ஒரு துண்டு எரித்தேன்.
நைட்ரஜன் எங்கேயோ ஏறி நிற்கிறது,
சுறாவையே தின்றாற்போல.
தின்னவில்லை.
ஆற்றுவாயில் நுழைந்தபின் வயிறு மூடிக்கொண்டது.
இரண்டு மாதம், எதிர்நீச்சலில்,
தன்னையே தின்றிருக்கிறது.
கருவிக்கு வித்தியாசம் தெரியாது:
விருந்தென்றாலும் பட்டினியென்றாலும்
அதற்கு ஒரு படி மேலே.

மாலையில் டூ கெர் கூப்பிட்டான்.
"217 எனக்கு நினைவிருக்கிறது. வால் தேய்ந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.
முட்டைக்குழிமேல் கிடந்தது. காட்டுமீன்தானே?"
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
"குழி தோண்டியது உண்மை" என்றான்.
அதற்கு என்னிடம் எண் இல்லை.

அட்டையில் 'ஆற்றில் பிறந்தது' என்பதை ஒரே கோட்டால் அடித்தேன்,
அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி.
இடுக்கியைத் துடைத்து
218ஐ எடுத்தேன்.
அதன் இடது கண்ணைக்
காக்கை முந்திக்கொண்டுவிட்டது.