எடைமேடைக்காரி

ஆஸ்பத்திரித் தராசு நூற்றைம்பதோடு நின்றுவிடும்.
முள் அங்கே முட்டிக்கொண்டு நடுங்கியது.
நர்ஸ் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.
ஜன்னலில் மகெல்லன் ஜலசந்தி,
யாரும் எடை கேட்காத தண்ணீர்.

எனக்கு வேலையே எடை போடுவது.
புன்டா அரேனாஸ் இறைச்சி ஆலை வாசலில்
லாரி வரும், ஆடு வரும், கம்பளி மூட்டை வரும்,
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
அன்றிரவு ஷிப்ட் முடிந்ததும்
இரும்புப் பலகையின் நடுவே போய் நின்றேன்
பூட்ஸைக் கழற்றிவிட்டு,
அது ஏதோ குறைத்துவிடும் என்பதுபோல.
எண் தெரிவது கூண்டுக்குள்.
நான் இறங்கி ஓடிப் பார்த்தால் பூஜ்யம்.

வாட்ச்மேன் எலிசெயோ பார்ரியாவைக் கூப்பிட்டேன்.
உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.
'நூற்று அறுபது' என்றார்.
'ஆனால் நெவென்கா, இந்த மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
அதன் பேச்சை நம்பாதே.'
பிறகு அந்தக் குளிரில் சட்டையைத் தூக்கிக் காட்டினார்:
வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள்.
எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், தெரியாது.
'செவ்வாய்க்கிழமை வா' என்றார். அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டின் பின்புறம் டாக்டர் படம் போட்டார்.
ஸ்லீவ் என்றால்
இரைப்பையை நறுக்கி வாழைக்காய் அளவுக்குத் தைப்பது.
பைபாஸ் என்றால்
முட்டை அளவில் ஒரு பை, அதிலிருந்து குடலுக்குக் குறுக்குவழி.
பலூன், ஆறு மாதம் குடியிருந்துவிட்டுப்
போய்விடுகிற வாடகைக்காரன்.
எது நல்லது என்றேன்.
'உங்கள் நெஞ்செரிச்சலுக்கும் சர்க்கரைக்கும் இரண்டாவது.
ஆனால் எதுவுமே தனியாக நல்லதில்லை.'

குறுக்குவழி என்றுதான் என் அக்காவும் சொன்னாள்.
அவள் சொன்ன அர்த்தம் வேறு.

தீயணைப்பு நிலையத்தின் பின்னறை.
கை வைக்காத நாற்காலிகள்.
யாரோ யோசித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்.
உட்காரும்முன் நாற்காலியைக் கண்ணால் அளக்காதது
எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான்.
கத்தியே வேண்டாம் என்று முடிவெடுத்த யாஸ்னாவுக்கும்
அங்கே ஒரு நாற்காலி.
எலிசெயோவுக்கு நாற்பது கிலோ போய்
முப்பது திரும்பி வந்துவிட்டது.
வெட்கத்தோடு வருகிறார். வருகிறார்.
'முடி கொட்டுகிறதா? எனக்கு ஒன்பதாம் மாதம் நின்றது'
என்று ஒருத்தி தன் சீப்பைக் காட்டினாள்.
யாரும் கைதட்டவில்லை. காபி ஆறிப்போயிருந்தது.

இப்போது நாலு ஸ்பூன் சூப்புக்கு இருபது நிமிஷம்.
மாத்திரை, சாகும்வரை.
தம்பி வீட்டில் முழு ஆட்டுக்குட்டியை
நெருப்போரம் சிலுவையாய் நிறுத்தியிருந்தார்கள்.
என் தட்டில் நகம் அளவு கறி,
எல்லோர் கண்ணும் அதன்மேல்.
வீம்புக்கு ஒரு கரண்டி கலஃபாத்தே ஜாம் தின்றேன்.
வேர்த்துக்கொட்டிப் படபடத்து
குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் கிடந்தேன்.

பசி போய்விட்டது. கை போகவில்லை.
ராத்திரி பதினொன்றுக்குத் தானாக எழுந்து
ஃப்ரிட்ஜ் வரை போய்
கதவைத் தொட்டுவிட்டு வருகிறது.
செவ்வாய்க்கிழமை இதைச் சொன்னேன்.
மூன்று பேர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

நவம்பர்.
நகராட்சி தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டது,
காற்று ஆளைத் தூக்கும் மாதம்.
சின்ன வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துதான்
இந்தச் சதுக்கத்தைக் கடப்பார்கள்.
நான் சுவர். கயிறு மற்றவர்களுக்கு.

நேற்று, நூற்றுப் பதினொரு கிலோவில்,
காற்று என்னை ஓர் அடி நகர்த்தியது.
ஓர் அடிதான்.
பயந்துபோய்ப் பிடித்தேன்.
ஈரமாய், சொரசொரப்பாய், யார் யாரோ பிடித்துக் கறுத்த கயிறு.
சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது.
மணி ஏழாகப்போகிறது.
தீயணைப்பு நிலையத்துக்கு இன்னும் இரண்டு தெரு.