பால் மிஷின்

வரைபடத்தில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
கறுப்பு மை.
எண்ணை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்:
ஏழு இலக்கம், ஒரு சாய்கோடு, அப்புறம் ஒரு ‘பி’.
உள்விட்டம், வெளிவிட்டம்,
ஐந்து மைக்ரானுக்கு மேல் பிசகக் கூடாது.
எதற்கு என்று கேட்கக் கூடாது,
அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து.

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெயின் ரோடு.
தேவசகாயம் பிரிசிஷன் வொர்க்ஸ்.
ஆறு லேத், ஒரு கிரைண்டிங் மிஷின்,
ஏசி போட்ட ஒரே அறையில்
அளவுக்கருவிகளும் நானும்.
முதலாளிக்கு வெளியே மேசை விசிறி.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவார்.
பெயர் சொன்னதில்லை.
மைக்ரான் சார் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.
கட்டம்போட்ட சட்டை, மூன்றடுக்கு டிபன் கேரியர்.
எங்கள் டீயைத் தொடமாட்டார்.
வளையத்தை எடுக்கும்போது மட்டும்
தலை நிற்காத பிள்ளையைத் தூக்குகிற கை.
கீழே வைத்துவிட்டு ‘ரிஜெக்ட்’ என்பார்,
தூறல் போடுது என்பதுபோல.

கழித்ததையும் விட்டுப்போகமாட்டார்.
தரையில் சுருண்டு கிடக்கும் சீவலை
ஏகாம்பரம் கூட்டி அள்ளித் தராசில் வைக்கவேண்டும்.
வந்த எடையும் போகிற எடையும் ஒத்துவர வேண்டும்.
ஒருநாள் நாலு கிராம் இடித்தது.
இரவு ஒன்பது வரை
முதலாளி உட்பட எல்லோரும் தரையில் தவழ்ந்தோம்.
கடைசியில் ஏகாம்பரத்தின் செருப்பைத் துளைத்து
உள்ளங்காலில் ஏறியிருந்தது.
அவருக்கே தெரியவில்லை.
மைக்ரான் சார் கைக்குட்டையை எடுத்து
ரத்தத்தைத் துடைத்தார்,
சீவலில் இருந்ததை.
மறுவாரம் ஊசிக்கென்று நாற்பது ரூபாய் கொடுத்தார்.
அதற்கு ரசீது கேட்கவில்லை.

சனிக்கிழமையும் என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள்.
பால் குளிரவைக்கிற மிஷினுக்குப் பாகம் என்றேன்.
கையில் பால் பாக்கெட் இருந்தது,
வாயில் வந்ததும் அதுவே.
நிரஞ்சனா அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதிப்
பத்துக்கு எட்டு வாங்கினாள்.
‘என் அம்மா இல்லையென்றால்
சென்னையில் பால் திரிந்துவிடும்.’
வந்தவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக்காட்டினார் என் வீட்டுக்காரர்.
பால் மிஷினுக்கு எதற்கு
ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்தார்கள் என்று
அவர் கேட்கவேயில்லை.
அவரும் எதிலோ கையெழுத்துப் போட்டிருப்பார் போல.

சுனாமிக்குப் பிறகு ஐந்து வெள்ளி மைக்ரான் சார் வரவில்லை.
கல்பாக்கம் பக்கமாக இருக்குமோ என்று
அப்போதுதான் எனக்குத் தோன்றியது.
ஆறாவது வெள்ளி வந்தார்.
அதே சட்டை. கேரியர் இல்லை.
‘ஒரு டீ கிடைக்குமா?’ என்றார்.
கேட்கக் கூடாதவற்றின் பட்டியலில் அது இல்லை,
கேட்டிருக்கலாம்.
வருஷக்கணக்காய்க் கேட்காமலே இருந்த வாய்
ஆறு பேருக்கும் அப்படியே இருந்தது.
ஏகாம்பரம் சர்க்கரை போடலாமா என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் முதல் வளையம் பாஸ் ஆனது.
பெட்டியில் வைக்குமுன்
அவர் பாராதபோது நான் மறுபடி அளந்தேன்.
நான்கு மைக்ரான்.
சரியாகத்தான் இருந்தது.
எனக்கு வெட்கமாகப் போயிற்று.

எத்தனையோ வருஷம் கழித்து
ஒரு ஞாயிறு பகல், டிவியில்:
நாமே கட்டிய நீர்மூழ்கி, அணுவில் ஓடுவது,
நம் நாட்டில் இதுவே முதல்முறை.
படம் காட்டவில்லை.
செய்தி முடியும்வரை கடலைக் காட்டினார்கள்,
ஏதோ ஒரு கடல், வெறும் கடல்.
‘அம்மா, இங்க பாரேன்’ என்றாள் நிரஞ்சனா.
‘ம்’ என்றேன்.
எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
அந்த வளையம் அதில் இருக்கலாம்.
நிஜமாகவே ஏதாவது பால் மிஷினிலும் இருக்கலாம்.

ராத்திரி ஏகாம்பரத்தின் போன்.
கொரட்டூரில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.
‘ஏம்மா, என் ரத்தம் அதுக்குள்ள போயிருக்குமா?’
‘அது குப்பைக் கணக்குல போச்சுண்ணே.
எடை போட்டமே, மறந்துட்டீங்களா?’
சிரித்தார், இருமினார்.
பிறகு இரண்டு பேரும்
சர்க்கரை வியாதி பற்றிப் பேசினோம்.