நகலா, நீட்சியா

கன்பரா ரயில் நிலையத்தில், கட்டணவாயிலுக்கு அந்தப் பக்கம்
குளியல் துண்டில் சுற்றிய மானிட்டரோடு
ஸுல்கர்னைன் என்பவர் நின்றிருந்தாராம்.
இந்தப் பக்கம் அறவாழி.
தடுப்புக்கு மேலே நாற்பது வெள்ளி போனது,
இருபத்து நான்கு அங்குலம் வந்தது.
கீழே வலது மூலையில் ஒரு புள்ளி செத்திருக்கும்,
அப்புறம் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள் என்றாராம்.
நல்ல மனிதர்.

கணினியின் முதுகில் மூன்று வாய்.
நீல வாயில் பழைய திரை, இரு பக்கமும் திருகி இறுக்கியது.
ஒரு மூலை வெட்டிய வாயில் புதியது.
அதற்குக் கம்பி வாங்க
செவ்வாய் மதியம் சிம் லிம் போனான்,
தவறான முனை என்று வியாழன் மதியம் மறுபடி போனான்.
மூன்றாவது வாய் கூடத்துத் தொலைக்காட்சிக்கு.
அதற்கு மட்டும் பத்து மீட்டர்.

பத்து எதற்கு என்றால்,
எங்கள் வீட்டின் நடுவில்
வெடிகுண்டுக்கென்று ஓர் அறை இருக்கிறது.
இரும்புக் கதவு. சாணுக்கு மேல் கனத்த சுவர்.
துளைத்துக் கம்பி விட முடியாது, விடவும் கூடாது.
போர் வந்தால் நாங்கள் அதில் ஒளிவோம்.
வரும்வரை
அரிசி மூட்டையும் மடக்கிய மிதிவண்டியும் ஒளிந்திருக்கின்றன.
படமென்றாலும்
அதைச் சுற்றித்தான் கூடத்துக்கு வர வேண்டும்.

"வருதா?"
"வரலை."
"இப்ப?"
'சிக்னல் இல்லை' என்ற இரண்டு சொல்
கரையைத் தேடுகிற படகுபோல
கறுப்பில் இங்கும் அங்கும் மோதித் திரும்பியது.
பிறகு வந்தது,
நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு,
கடிகாரம் சட்டத்துக்குள் பாதி புதைந்து.
சரிசெய்கிறேன் என்றான். இன்னும் செய்யவில்லை.

எனக்கு விளக்கினான்:
நகல் என்றால் அங்கே இருப்பதேதான் இங்கேயும்.
நீட்சி என்றால் ஒரே மேசை, அகலம் கூடியது;
சுட்டி இந்தத் திரையின் விளிம்பில் இறங்கி
அந்தத் திரையில் ஏறும்.
"நீட்சியில் வச்சிருக்கேன்,
நான் வேலை செய்தாலும் நீங்க ரெண்டு பேரும் படம் பார்க்கலாம்."

சனிக்கிழமை இயலினி எதையோ அழுத்தியிருக்கிறாள்.

திங்கள் இரவு, சாங்கியில் பணி முடிந்து
ஒன்றே முக்காலுக்குக் கதவைத் திறக்கிறேன்.
ஒலியில்லாமல் தொலைக்காட்சி எரிகிறது.
ஐம்பத்தைந்து அங்குல அகலத்துக்கு
ஒரு கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையாருக்கு.
துவாஸில் பதினோர் ஆண்டு.
'பணியிலிருந்து விலகினேன்.'
சுட்டி அந்த வரியின்மேல் நின்றது.
எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
'நீக்கப்பட்டேன்.'
அதுவும் உதிர்ந்தது.
மறுபடி 'விலகினேன்.'
பெயர்ப்பலகை மாட்டுகிறவர்போல
தள்ளிநின்று பார்ப்பது தெரிந்தது,
பார்க்கிற ஆள்தான் தெரியவில்லை.

காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
செவ்வாய் மதியம். வியாழன் மதியம்.
சிம் லிம்முக்கு இரண்டு முறை போக
எந்தத் தொழிற்சாலை விடும்?
அப்போதே கணக்குப் போட்டிருக்கலாம்.
காலை ஏழு பத்துக்கு
சோற்றுப் பெட்டியும் பையுமாய் இறங்கிப் போனானே,
எந்த நூலகத்தின் எந்த நாற்காலியில்
அந்தச் சோற்றைத் தின்றான்?
நூலகத்தில் தின்ன விடமாட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம்
கேட்கவே இல்லை.
குண்டுக்குத் தாங்குகிற சுவர்.

கைப்பேசியை எடுத்தேன்.
நிறைய எழுதி அழித்தேன், அவனைப் போலவே.
கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:
"நகல்ல இருக்கு."

கடிதத்தின் வலது மூலையில் அது வந்து உட்கார்ந்தது,
என் பெயரின் கடைசி எழுத்து வெட்டுப்பட்டு.
அவனுக்கு அங்கே செத்த புள்ளி இருக்கும்.
எனக்கு இல்லை.

சுட்டி நின்றது.
நெடுநேரம் நின்றது.
நாற்காலி நகரும் என்று காத்திருந்தேன், நகரவில்லை.

பிறகு கடிதத்தின் அடியில்,
'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்பதற்கும் கீழே,
ஆங்கில எழுத்தில் தமிழாய்
ஒவ்வொரு எழுத்தாக வரத் தொடங்கியது,
கூடம் முழுக்க வெளிச்சம் அடிக்கிற அளவில்:

சாப்பிட்டியா, மீன் இருக்கு, சூடு பண்ணவா