அணைக்கிற விரல்

தமாலே நகரில் காலை ஏழு மணி.
பாலையிலிருந்து வந்த ஹர்மட்டான் தூசு
மைக்கின் வாய் வரை வந்து உட்கார்ந்திருக்கிறது.
இருமலை முடித்துக்கொண்டு வணக்கம் சொல்கிறேன்.

மேசையில் நாலு பக்கத் தாள்:
ஜீன், எடிட்டிங், மஜ்ஜை, ஹீமோகுளோபின்.
என் டக்பானி மொழியில் இவற்றுக்கு வீடு இல்லை.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கின்றன.

அரிவாள் செல்லில் தொடங்கினேன்.
அதை இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
உருண்டு போக வேண்டிய சிவப்பணு
பிறையாய் வளைந்து
முழங்கால் சந்துக்குள் மாட்டிக்கொள்ளும்.
பின்னால் வருவதெல்லாம் முட்டி மோதும்.
அலறுவது பிள்ளை.

இனிச் செய்தி.
வயிற்றுக்குள் இருக்கையில் பிள்ளைக்கு ஓடுவது
வேறு இரத்தம்.
அது வளையாது.
பிறந்தும் சில மாதம் அதுவே காக்கும்.
அப்புறம் உடம்பு அந்த ஸ்விட்சை அணைத்து
அடுத்ததைப் போடுகிறது.
பிழை அந்த அடுத்ததில்.
இப்போது செய்திருப்பது இவ்வளவுதான்:
அணைக்கிற விரலை நறுக்கிவிட்டார்கள்.
பழைய விளக்கு திரும்ப எரிகிறது.

லைனில் இரைச்சல்.
டயருக்குப் பஞ்சர் ஒட்டும் ஃபுசேனி:
“அப்போ ரத்தத்துக்குள்ளயும் டும்சோரா?”

கரண்ட் போவதற்கும் வருவதற்கும் சேர்த்து
இந்த நாடு வைத்திருக்கும் ஒரே பெயர்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் சிரிக்கிறார்.
நாலு பக்கத் தாளையும் கவிழ்த்து வைத்தேன்.

ஆட்டுச் சந்தையிலிருந்து ஒருவர்: “விலை?”
அமெரிக்காவில் இருபது லட்சம் டாலருக்கு மேல்.
“ஆட்டுக் கணக்கில் சொல்லு.”
பெருக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.
முதலில் மஜ்ஜையை வழித்துக் காலிசெய்யும் மருந்து,
வாரக்கணக்கில் தனியறை,
முடி உதிரும்,
அவர்கள் பெறும் பிள்ளைக்குப் பழைய பிழை போகவும் கூடும்.
எல்லாம் சொன்னேன்.
இனிப்பை மட்டும் விற்க எனக்குச் சம்பளமில்லை.

கடைசி அழைப்பு வும்பினி, தையல்காரி.
“ஆறு மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல.
ஆறாம் மாசம் கம்பங்கஞ்சி ஊட்டினேன்.
அன்னிக்கு ராத்திரியே ரெண்டு கையும் வீங்கிப்போச்சு.”

சொல்லுங்கள் என்றேன்.

“கஞ்சிதான்னாங்க.
நானும் கஞ்சிதான்னு நினைச்சேன்.
பதினோரு வருஷமா எங்க வீட்ல கம்பு வாங்கல.”

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
கஞ்சியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

“அப்போ அந்த ஸ்விட்சா?”

ஆமாம் அம்மா. ஸ்விட்ச்.
அது அணையும் பருவமும் நீங்கள் ஊட்டிய நாளும்
ஒன்றாய் வந்துவிட்டன.

மகள் இப்போது எப்படி என்று
கேட்க வாயெடுத்து
கேட்கவில்லை.

அவள் போனை வைக்கவில்லை.
தையல் மிஷின் ஒருமுறை ஓடி நின்றது.
பிறகு நீளமாய் ஓடியது.
விளம்பர நேரம் தாண்டுகிறதென்று
இன்ஜினியர் கையைக் காட்டுகிறார்.
இருக்கட்டும் என்றேன்.
ஊர் முழுக்க
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.