இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

இருநூற்றுப் பதினொன்று வரை
ஒழுங்காகத்தான் வந்தது.
பத்தாம் விசையைத் தட்டத் தட்ட
மஞ்சள் அம்பு வரிவரியாய் இறங்கி,
அறுநூற்றுப் பதினோரு பண்ணைகளின் ஜனவரிப் பாலை
லிட்டரிலிருந்து பேசோவுக்கு மாற்றிக்கொண்டு.
அடுத்த வரியில் நின்றுவிட்டது.

கல்லுளிமங்கன்.
திரை வெளுத்தது. வட்டம் சுற்றியது.
டீபக்கர் பதிலளிக்கவில்லை என்று
டீபக்கரே சொன்னது.

துராஸ்னோவில் அன்று முப்பத்தெட்டு டிகிரி.
பால் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறையில்
மின்விசிறி ஒன்று, நான் ஒருவன்.
காலை ஏழுக்கு வங்கிக்குக் கோப்பு போக வேண்டும்.
யாரோ ஒருவருக்கு மூன்று மாதமாக
நாற்பது பேசோ குறைகிறது.
அதைப் பிடிக்கத்தான் படிப்படியாய் இறங்கினேன்.

கொன்றேன். திறந்தேன். மறுபடி அதே வரி.
நிறுத்தப் புள்ளிகளை அழித்தேன்.
கண்காணிப்பில் வைத்த மாறிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
ஃபயர்வாலைத் திட்டினேன்,
போன வாரம் வந்த புதுப் பதிப்பைத் திட்டினேன்.
மோன்டெவிடியோவின் சப்போர்ட் ஆள்
'மறுபடி இன்ஸ்டால் செய்' என்றான், எதையோ மென்றபடி.
செய்தேன்.
சோதனைத் தளத்தில் அதே நிரல்
மளமளவென்று இறங்கிப் போனது.
அசல் தரவில் மட்டும்
கிணற்றில் போட்ட கல்.

மாத்தே ஆறிப்போயிருந்தது.
எங்கள் ஊரில் ஒரு கேலி உண்டு:
குடுவையை வாங்கியவன் உறிஞ்சாமல்
பேச்சை ஆரம்பித்தால்
'அது மைக் இல்லை, குடித்துவிட்டுக் கொடு' என்பார்கள்.
ஒரே குடுவை, சுற்றி ஆறு பேர்...

நின்றுபோனது டீபக்கர் அல்ல.
அது வரிசையில் நிற்கிறது.

இன்னொரு சன்னலைத் திறந்து,
யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.
நிபியா. பிற்பகல் 2:52 முதல்.
நிலை: சும்மா இருக்கிறாள்.
பூட்டு அவளிடம்.
அவளுக்குப் பின்னால் நான், நான், நான், நான்.
கொன்றதாக நினைத்தவையெல்லாம்
சாகாமல் காத்திருந்தன.
மூன்றைக் கலைத்தேன். ஒன்றை விட்டுவைத்தேன்.

ஒரு கட்டளையில் அவளையும் துண்டித்திருக்கலாம்.
துண்டித்தால் அவள் செய்தது
செய்யாததாகிவிடும்.
போன் செய்தேன்.

அக்கா மகளின் பதினைந்தாம் பிறந்தநாள்.
பின்னால் கும்பியா இரைந்தது.
'மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா, எபெர்?
சந்தேகம்.
ஒலிவேரா பண்ணையின் கொழுப்பு
மூன்று புள்ளி ஒன்றா, ஏழா?
ஏழு என்று திருத்தினேன்.
கமிட் செய்யக் கை வரவில்லை,
ரோல்பேக் செய்ய மனம் வரவில்லை.
ஆய்வகச் சீட்டு நனைந்திருந்தது.
காயட்டும் என்று வைத்தேன்,
அத்தான் வண்டியோடு வந்துவிட்டார்.'

மாடி ஏறினேன்.
திரை திறந்தே கிடந்தது:
பூட்ட வேண்டியதைப் பூட்டாமல்
பூட்டக் கூடாததைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்,
அதற்கு இன்னொரு நாள் சண்டை.
ஜன்னலோரம், ஸ்டேப்லருக்கு அடியில், சீட்டு.
மை கரைந்து நீலக் குட்டை.
எண்ணுக்குத் தலையும் இல்லை காலும் இல்லை.
இடுப்பில் மட்டும் சின்னதாய் ஒரு குறுக்குக் கோடு.
இந்த நாட்டில் ஏழுக்கு எல்லோரும் போடுவது,
ஒன்றாம் வகுப்பில் விரல் வலிக்கப் பழகியது.

'ஏழு' என்றேன்.
கொஞ்ச நேரம் பாட்டு மட்டும் கேட்டது.
'சத்தியமாகவா?'
'கோடு இருக்கிறது, நிபியா.'
'அப்படியானால் அழுத்து.'

படியிறங்கி வந்தபோது
ஆளில்லாத அறையில் அம்பு
தானே ஒரு வரி நகர்ந்து
எனக்காக நின்றுகொண்டிருந்தது.
அது எந்த நொடியில் அசைந்தது என்று
பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

நாற்பது பேசோ இன்னும் கிடைக்கவில்லை.
வெந்நீர் வைத்தேன்.
பத்தாம் விசை.