குட்டியானை

வண்டிக்குப் பெயர் குட்டியானை.
நாற்பத்தெட்டு தவணையில் முப்பத்தொன்று கட்டியாயிற்று.
முன் கண்ணாடியில்
மகள் ஒட்டிய ஜிகினா நட்சத்திரம்,
அதற்குக் கீழே ஒரு விரிசல்,
விரிசலுக்குக் கீழே சாலை.

ராத்திரி ஒரு மணிக்குக்
கரிமேட்டில் காலிப்பெட்டி ஏற்றினால்
பூவந்தி, சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை என்று
ஒரே இருட்டு ஊர் ஊராகப் பெயர் மாற்றிக்கொள்ளும்.
தொண்டியில் இறங்கும்போது
டீசல் முள் பாதிக்குக் கீழே,
என் இடுப்பு அதற்கும் கீழே.

இது அலைக்காரக் கடல் இல்லை.
கண்மாய் போலக் கிடக்கும்,
கரையைத் தொட்டும் தொடாமலும்,
கடன் கேட்க வந்தவன்
வாசலில் தயங்குகிற மாதிரி.

ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கும்
சூடைக்கு விலை கத்தும் சத்தத்துக்கும் நடுவே
எனக்குப் பத்து நிமிடம் கிடைக்கும்.
பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன்.
ஒன்றும் யோசிக்கமாட்டேன்.
யோசிக்க வேண்டியதெல்லாம்
வீட்டு பீரோவின் மேல்,
ஜெயக்கொடியின் ஸ்கேன் கவருக்குள் இருக்கிறது.
இங்கே வெளுக்கிற வானமும்
வள்ளத்தின் மூக்கில் தூங்கும் ஒரு காக்காயும் மட்டும்.
"மதுரக்காரரே, கடலை வெலை பேசுறீகளா?"
என்பார் சீனி முகம்மது.
"கட்டாது பாய்" என்பேன்.

போன புதன்கிழமை
இரண்டு தவணை பாக்கிக்காக
ஃபைனான்ஸ் பையன் வண்டியிலேயே ஏறிக்கொண்டான்.
பெயர் ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம்.
என் கையில் காசு விழும் இடத்திலேயே அவன் கை நீட்டினால்தான்
இந்த மாதம் அவனுக்குச் சம்பளம்.
வழி நெடுக முகம் கொடுத்துப் பேசவில்லை.
காளையார்கோவிலில் டீ சொன்னேன்.
தன் பங்குக் காசைத் தானே கொடுத்தான்,
கணக்கில் இடிக்குமாம்.

தொண்டியில் இறங்கி,
ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியபடி,
"அண்ணே, எம்புட்டுத் தண்ணி!" என்றான்.
இருபத்தாறு வயது. கடல் பார்த்ததில்லை.
வைகையில் தண்ணீர் வந்தாலே
பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிற ஆட்கள் நாங்கள்.
ஷூவைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு
முழங்கால்வரை போனான்.

ஃபைல் என்னிடம் இருந்தது.
உள்ளே பதினேழு இடத்தில் என் கையெழுத்து.
கடல் இரண்டடி தூரம்.

போடவில்லை.
மீன் என்ன பாவம் செய்தது.

லோடு ஏற்றிக் கிளம்பினோம்.
சூரியன் பின்னால் வந்தது,
பக்கக் கண்ணாடியில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு.
பெட்டி ஒழுகி ஒழுகி
ஈரம் ஒரு கோடாகக் கூடவே வந்தது.
பூவந்தியில் ஒரு நாய் அதை மோந்துகொண்டே
கொஞ்ச தூரம் ஓடிவந்தது.

வரிச்சியூர் தாண்டி, வலது பக்கம்,
யானைமலை.
மழை பெய்த மறுநாள். கல் முழுக்கக் கறுத்து,
வெயில் முதுகில் மட்டும் ஏறியிருந்தது.
இதோ எழுந்திருக்கப்போகிறது என்று
ஒன்பது வருடமாக நான் மெதுவாக ஓட்டுகிற இடம்.
அன்றும் மெதுவாகவே ஓட்டினேன்.
நேரம் போனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் போகும்,
கரிமேட்டில் ஏச்சு விழும்.
ஒச்சப்பன் அவசரப்படுத்தவில்லை.
ஷூவை இன்னும் மாட்டவில்லை.
கால்விரல் சந்தில் தொண்டி மணல்.

"ரெண்டையும் தெனமும் பாக்குறீங்களாண்ணே?"
"வாரத்துல ஆறு நாள்."
"அப்ப இதுக்கும் சேத்துல்ல வட்டி போடணும்."

சிரித்தான். நானும்தான்.
கரிமேட்டில் ஒன்பதாயிரத்து முந்நூறை
இரண்டு தடவை எண்ணி வாங்கி ரசீது கிழித்தான்.
இன்னொரு தவணை அப்படியே நிற்கிறது.
"ரசீதுகூடக் கவிச்சி அடிக்குது" என்றாள் ஜெயக்கொடி.

மறுநாள் ராத்திரி ஒரு மணிக்கு
வண்டியை எடுக்கும்போது போனில் செய்தி:
பாக்கித் தவணை, பதினைந்தாம் தேதிக்குள்,
தவறினால் வாகனம் கையகப்படுத்தப்படும்.

அதற்குக் கீழே ஒரு படம்.
ஓடும் வண்டியில் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது.
யானைமலை,
ஓரத்தில் என் முழங்கை.