மெய்யில் தொடங்கும் ஊர்

இன்றைய மன்றாட்டுப் பட்டியலில்
உகாண்டா. ம்பாலே திருமண்டலம்.
வாசிக்கும் முறை எனது.

மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்று
செந்தூல் தமிழ்ப்பள்ளியில் பிரம்படியோடு படித்தவன்.
ஓர் இகரத்தை முன்னால் உட்கார வைத்தேன்,
இராகேலுக்கு வைத்தது போல:
"இம்பாலே திருமண்டலத்துக்காகவும்
அதன் பேராயருக்காகவும்..."
சபை, "கர்த்தாவே, கேட்டருளும்" என்றது.
கடைசி வரிசையில், சத்தம் போடும் மின்விசிறிக்கு அடியில்
ஒருவர் மட்டும் சிரித்தார்.

ஏனோக் மசாபா. கணினி படிக்க வந்தவர்.
ஆங்கில ஆராதனை பத்தரைக்கு.
அதுவரை தூங்கத் தெரியாமல்
புரியாத எங்கள் எட்டு மணிக்கு வந்து உட்காருவார்.

மண்டபத்தில், தே தாரிக்கும் ஆறிய வடைக்கும் நடுவே
உதட்டை மூடிக் காட்டினார்:
ம்...
பிறகுதான் பாலே.

கதை கேட்பவர்கள் கொட்டும் அதே ம்.
நான் அதைப் பதில் என்றே நினைத்திருந்தேன்.
அங்கே அதில்தான் ஊரே தொடங்குகிறது.

அவருடைய அம்மாவின் கோவிலில்
நவம்பரில் எங்கள் முறை வந்ததாம்.
வாசித்தவர் "கோலா லும்புரு" என்றாராம்.
அன்றிரவே அம்மா தொலைபேசியில் கேட்டாராம்,
அந்த லும்புருவில்
உனக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று.

ஏனோக் இன்னொரு வடை எடுத்தார்.